வாடைக்காற்று என்ற வில்

“வழி விடுங்க, வழி விடுங்க! தங்கக்கை வந்தாச்சு!”

காங்மின் போட்ட சத்தத்தில் ‘நீல அலை’ பி.சி. பாங் என்ற கணினி விளையாட்டுக் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாதி விளையாட்டுகள் அப்படியே நின்றன. கணினிகளின் முன் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே வந்தவள் யேசோல். ஐந்தாம் வகுப்பு படிப்பவள். தடித்த குளிர்கோட்டுக்குள் ஆள் பாதிதான் தெரிந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. ஜனவரி மாதத்தில் குன்சான் துறைமுகத்துக் காற்று யாரையும் விட்டுவைப்பதில்லை, தங்கக்கைக்காரியாக இருந்தாலும் சரி.

அதென்ன தங்கக்கை?

அந்த விடுமுறையில் அவள் வகுப்பு மொத்தமும் ‘மலைக்காவலர்’ என்ற விளையாட்டில் கிடந்தது. அதில் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு நிலை உண்டு. பூதங்களை அடித்தால் மின்னும் கற்கள் கிடைக்கும். கல்லையும் ஆயுதத்தையும் கொல்லனின் பட்டறையில் வைத்து ‘அப்கிரேட்’ பட்டனை அழுத்தினால் ஆயுதம் ஒரு நிலை ஏறும். அல்லது ஏறாது. ஆறாம் நிலை வரைக்கும் பயமில்லை. ஏறாவிட்டால் கல் மட்டும்தான் வீண். ஆறுக்கு மேலே போனால் கதையே வேறு. ஏறாவிட்டால் ஆயுதம் தூள்தூளாகிவிடும். உருண்டு புரண்டு அழுதாலும் திரும்பி வராது.

அதனால் யாருக்கும் தன் விரல்மேல் நம்பிக்கை கிடையாது. அதிர்ஷ்டக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து, தன் நாற்காலியில் உட்காரவைத்து, “நீயே அழுத்து” என்று கெஞ்சுவார்கள். விடுமுறை தொடங்கிய அன்று யேசோல் மூன்று பேருக்கு அழுத்திக் கொடுத்தாள். ஒரு வாள், ஒரு கோடரி, ஓர் ஈட்டி. மூன்றும் அடுத்தடுத்து ஜொலித்தன. அவ்வளவுதான், மறுநாளே ஊர் முழுக்கப் பேர் பரவிவிட்டது.

அந்தப் பேர் அவளுக்குப் பிடிக்காமலா இருந்தது? ரொம்பப் பிடித்தது. அவள் நடந்தால் வழி விட்டார்கள். சாக்லெட் பால் வாங்கிக் கொடுத்தார்கள். ஆயுதம் உடைந்தாலும் அவளை யாரும் திட்டக்கூடாது, பழி கேட்டவன் தலையில்தான் விழும் என்று ஒரு வழக்கமும் இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அழுத்திய ஒவ்வொரு தடவையையும் அவள் கணக்கு வைத்திருந்தாள். இதுவரை அறுபத்தொரு தடவை. ஏறியது பத்தொன்பது. எந்த விரல் அழுத்தினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஏறும். ஏறியதை மட்டும் எல்லாரும் பேசினார்கள். உடைந்ததை மறந்துவிட்டார்கள். அவளும் நினைவுபடுத்தவில்லை.

“யேசோல்... ஒரு நிமிஷம் வர்றியா?”

மூலை நாற்காலியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. அவள் வகுப்புத் தேயோ. அவன் வகுப்பில் வாய் திறப்பதே அபூர்வம். ஆசிரியர் பேர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவான்.

“என்னடா?”

தேயோ திரையைக் காட்டினான். யேசோலின் கண்கள் விரிந்தன. கறுத்து நீண்ட வில் ஒன்று. அதன் பேர் ‘வாடைக்காற்று’. பக்கத்தில் ஒன்பது என்று எண் மின்னியது.

“ஒன்பதா! யாரோடதுடா இது?”

“எங்க அண்ணனோடது. கியுபின் அண்ணன். ராணுவத்துக்குப் போகும்போது என்கிட்ட விட்டுட்டுப் போனான். தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கலன்னா இதுல துருப் பிடிக்கும். பதினோரு மாசமா ஒரு நாள்கூட விடல.”

“பெரிய ஆளுடா நீ!”

“இன்னிக்கு அவன் லீவுல வர்றான். அம்மாவுக்குப் பிறந்தநாள். நாலரை மணி பஸ். அம்மா மீன் சந்தையிலிருந்து வர்றதுக்கு ஆறு ஆயிடும். அதனால நேரா இங்கதான் வருவான்.” தேயோ திரையை விரலால் தொட்டான். “அவன் வர்றதுக்குள்ள இதப் பத்தாக்கி வெக்கணும். நீ அழுத்தினாத்தான் நடக்கும்.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. சர்ப்ரைஸ்!”

அந்த இடத்திலேயே யேசோல் எழுந்து போயிருக்க வேண்டும்.  ஆனால் அதற்குள் காங்மினும், அவள் தோழி நாரேயும், இன்னும் பத்துப் பேரும் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டார்கள்.

“ஒன்பதுலேர்ந்து பத்தாம்டா!”

“ஐயோ, என் கண்ணால பாக்கப் போறேன்!”

“தங்கக்கை! தங்கக்கை!”

கூட்டம் தாளம் போட்டது. யேசோல் உட்கார்ந்தாள்.

முதலில் காவு கொடுக்க வேண்டும். அதுவும் வழக்கம்தான். உதவாத ஆயுதம் இரண்டை உடையவிட்டால், அடுத்தது உடையாது என்று எல்லாரும் நம்பினார்கள். ஆறாம் நிலையில் இருந்த ஒரு தடி உடைந்தது. இன்னொரு தடியும் உடைந்தது. “காவு குடுத்தாச்சு!” என்று காங்மின் குதித்தான்.

யேசோல் வாடைக்காற்றைப் பட்டறையில் வைத்தாள். அழுத்தினாள்.

கொல்லன் சுத்தியலை ஓங்கினான். ஒன்று. வில் சிவந்தது. இரண்டு. வில் வெள்ளையாகத் தகதகத்தது. கூட்டம் இன்னும் நெருங்கிக் குனிந்தது.

மூன்று.

சடார்!

கறுப்புச் சில்லுகள் திரை முழுவதும் சிதறி, ஒவ்வொன்றாக மறைந்தன. ‘ஆயுதம் உடைந்துவிட்டது’ என்ற வரி மட்டும் மிச்சம் இருந்தது.

 தேயோ அழவில்லை. அவன் காது இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்தன.

முதலில் வாயைத் திறந்தவள் நாரே. “தேயோ, நீ காலையில என்ன சாப்பிட்ட?”

“கடற்பாசி சூப்... அம்மா பிறந்தநாளாச்சே. பிறந்தநாள்னா அதத்தானே செய்வாங்க.”

“போச்சு!” காங்மின் தலையில் அடித்துக்கொண்டான். “பரீட்சை மாதிரி நாள்ல யாராவது கடற்பாசி சூப் குடிப்பாங்களா? வழுவழுன்னு வழுக்கும்டா! அதிர்ஷ்டமும் வழுக்கிடுச்சு!”

“ஆமாம்ல! சூப்பக் குடிச்சிட்டா வந்த?”

“அதான் உடைஞ்சிருக்கு!”

தேயோ தலையைக் குனிந்தான். “என் தப்புதான். எனக்குத் தோணவே இல்ல.”

யேசோலுக்கு அந்த ஒரு நொடி அப்பாடா என்று இருந்தது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் தங்கக்கை தங்கமாகவே இருந்தது. எழுந்து போய்விடலாம்.

அப்புறம் தேயோவின் காதுகளைப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. எந்தக் கடற்பாசி சூப்பும் குடிக்காமலே அவள் முகம் முழுக்கச் சூடேறியது.

“சூப் மேல பழி போடாதீங்க!” என்று கத்தினாள். “சூப்பு ஒண்ணும் பண்ணல. என் கையில ஒண்ணுமே கிடையாது. அறுபத்துநாலு தடவ அழுத்தியிருக்கேன். பத்தொன்பதுதான் ஏறிச்சு. மத்தது எல்லாம் உடைஞ்சுது. எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் அழுத்தினேன்.”

கூட்டம் வாயைப் பிளந்தது.

“அப்போ போன வாரம் உடைஞ்ச என் கோடரி?” என்றான் காங்மின்.

“சும்மா உடைஞ்சதுதான்.”

“நான் உனக்குச் சாக்லெட் பாலெல்லாம் வாங்கிக் குடுத்தேனே!”

“குடிச்சிட்டேன்.”

“அடிப்பாவி!”

சமையலறைப் பக்கத்திலிருந்து கடைக்காரச் சித்தி எட்டிப் பார்த்தார். “ஏய், சத்தம்! இது பி.சி. பாங்கா, மீன் சந்தையா?”

எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள். காங்மின் தேயோவின் தோளைப் பிடித்தான். “இங்க பாரு. அக்கவுண்ட்ட எவனோ திருடிட்டான்னு அண்ணன்கிட்ட சொல்லிடு. வேல முடிஞ்சுது.”

தேயோ ஒரு கணம் நிமிர்ந்தான். அந்தப் பொய் அவனுக்கும் இனித்தது போலத்தான் இருந்தது.

“வேண்டாம்டா,” என்றாள் யேசோல். “அப்புறம் உங்க அண்ணன் லீவு முழுக்க இல்லாத திருடனத் தேடிட்டு உக்காந்திருப்பாரு. நடந்தத நாம ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்வோம். ஆனா வெறுங்கையோட சொல்ல வேண்டாம்.”

“வேற என்ன இருக்கு?”

யேசோல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று பத்து.

“புதுசா ஒண்ணு செய்வோம். ஒன்பதுக்கெல்லாம் இன்னிக்கு முடியாது. ஆனா ஆறு வரைக்கும் எதுவும் உடையாது இல்ல? ஆறு வரைக்கும் ஏத்தி, நல்லா அலங்காரம் பண்ணி வெப்போம்.”

“வில்லுக்குக் கொம்பு வேணுமே,” என்றாள் நாரே. “அது எருமை ராஜாகிட்டதானே இருக்கு?”

எருமை ராஜா என்றதும் கூட்டத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. விளையாட்டில் ஆற்றங்கரையில் மணிக்கு ஒரு தடவை, சரியாக மணி அடிக்கும்போது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும் பூதம் அது. கொம்பு மட்டும் ஆள் உயரம். அவர்கள் வகுப்பில் யாரும் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை.

“என்கிட்ட நாப்பது கல் இருக்கு,” என்றது ஒரு குரல்.

“நான் இருபது தர்றேன்!”

“நான் வீட்டுல இருக்கிற ரெண்டு பேரக் கூப்பிடறேன். அவங்க அங்கேர்ந்தே வருவாங்க!”

காங்மின் உதட்டைப் பிதுக்கினான். அப்புறம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “சரி, சரி. நானும் வர்றேன். கோடரி இல்லாம, கத்தியோட.”

மூன்று மணிக்குப் பதினாறு பேர் ஆற்றங்கரையில் நின்றார்கள். அதுவரை சின்னச் சின்னப் பூதங்களை அடித்துக் கல் சேர்த்ததில் எல்லாருக்கும் தெம்பு ஏறியிருந்தது. மணி அடித்தது. ஆறு கொதித்தது. எருமை ராஜா எழுந்தான்.

“அடிங்கடா!” என்று காங்மின் பாய்ந்தான். பதினாறு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

நாற்பது விநாடியில் பதினாறு பேரும் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தார்கள். எருமை ராஜா ஒரு தும்மல் தும்மிவிட்டு ஆற்றுக்குள் இறங்கிப் போனான்.

“என்னைத் தள்ளிவிட்டது யாரு?”

“நீதான் என் குறுக்க வந்த!”

“மூஞ்சிலயே மிதிச்சான்டா!”

ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் தேயோவின் உதடுகள் அசைவதை யேசோல் மட்டும்தான் பார்த்தாள். அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவர் காதிலும் விழவில்லை.

யேசோல் ஹெட்போனை மேசையில் ‘டக்’ என்று வைத்தாள். “எல்லாரும் வாய மூடுங்க! தேயோ பேசறான்.”

திடீரென்று அமைதியானதும் தேயோவுக்கே பயமாகிவிட்டது. “ஒண்ணுமில்ல...”

“சொல்லுடா.”

“அது... எருமை முட்டினதும் இடது பக்கந்தான் திரும்பும். எப்பவுமே. திரும்பறப்ப மூணு விநாடி அதுக்குக் கண்ணு தெரியாது. அப்ப வலது பக்கத்துப் பாறையிலேர்ந்து அடிக்கணும். அப்புறம் எல்லாரும் ஓடணும். திரும்ப முட்டும். திரும்ப இடது பக்கம்...”

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். தேயோ இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“உனக்கு எப்படிடா தெரியும்?” என்றாள் நாரே.

“அண்ணன் விளையாடும்போது அவன் நாற்காலிக்குப் பின்னாடி நின்னு பாத்திருக்கேன். என்னை விளையாட விடமாட்டான். அதனால பாத்துட்டே இருப்பேன்.”

“அது முட்டணும்னா முன்னாடி ஒருத்தர் நிக்கணுமே,” என்றான் காங்மின். “யார் நிக்கிறது?”

“நான் நிக்கிறேன்,” என்றாள் யேசோல்.

நான்கு மணி அடித்தது. ஆறு மறுபடி கொதித்தது.

யேசோல் தன் சின்ன வாளோடு தனியாகக் கரையில் நின்றாள். மவுஸை இறுகப் பிடித்தாள். எருமை ராஜா அவளைப் பார்த்தான். காலைத் தேய்த்தான். பாய்ந்தான்!

“இப்ப குதி!” என்று தேயோ கத்தினான். தேயோ கத்தினான்!

யேசோல் குதித்தாள். கொம்பு அவள் காலடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு போனது. எருமை இடது பக்கம் திரும்பியது.

“அடிங்க! ஒண்ணு, ரெண்டு, மூணு, ஓடுங்க!”

வலது பாறையிலிருந்து அம்பும் ஈட்டியும் பறந்தன. எல்லாரும் ஓடினார்கள். எருமை முட்டியது. இடது பக்கம் திரும்பியது. மறுபடி அடித்தார்கள். நாரே விழுந்தாள். இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். எட்டாவது தடவை யேசோல் அரை நொடி தாமதமாகக் குதித்தாள். கொம்பு அவளைத் தூக்கி ஆற்றுக்குள் எறிந்தது.

“என்னை விடுங்க! அடிங்க!” என்று அவள் நாற்காலியிலேயே எழுந்து நின்று அலறினாள்.

காங்மின் கத்தியோடு பாறையிலிருந்து எருமையின் முதுகில் குதித்தான். ஒரு குத்து. இரண்டு குத்து. எருமை ராஜா வானத்தைப் பார்த்து முக்காரம் போட்டான். முன்னங்கால் மடங்கியது. தடாலென்று சாய்ந்தான்.

பி.சி. பாங்கே அதிர்ந்தது. பக்கத்து வரிசையில் வேறு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்த கல்லூரி அண்ணன்கள்கூடக் கைதட்டினார்கள். சித்தி அதட்டுவதற்காக வந்தவர், என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, “அடேயப்பா, எருமையவா?” என்று அங்கேயே நின்றுவிட்டார்.

“கொம்பு யாருக்கு விழுந்துச்சு?” என்றாள் யேசோல்.

எல்லாரும் தங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். காங்மின் மட்டும் திரையை முறைத்துக்கொண்டிருந்தான். அவன் பையில் கொம்பு தங்கமாக மின்னியது.

“எனக்குத்தான்,” என்றான் மெதுவாக. “இதுல ஒரு சூப்பர் கோடரி செய்யலாம், தெரியுமா?”

“தெரியும்,” என்றான் தேயோ.

“என் பழசு உடைஞ்சு போச்சு.”

“அதுவும் தெரியும்.”

காங்மின் கொம்பைப் பார்த்தான். தேயோவைப் பார்த்தான். பெரிதாக மூச்சு விட்டான். “இந்தா, எடுத்துக்க. யேசோல், நாளைக்கு எனக்கு ரெண்டு சாக்லெட் பால்.”

“மூணு வாங்கித் தர்றேன்டா!”

கொல்லனின் பட்டறையில் புது வில் பிறந்தது. இப்போது கற்களை வைத்து ஏற்ற வேண்டும். பழக்கதோஷத்தில் எல்லாரும் யேசோலுக்காக நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் தேயோவை அதில் பிடித்து உட்காரவைத்தாள்.

“நீ அழுத்து.”

“நானா?”

“எல்லா விரலும் ஒண்ணுதான். அழுத்து.”

தேயோ அழுத்தினான். ஏறியது. அழுத்தினான். ஏறவில்லை. மூன்றாம் நிலையில் வில் கழுதை போல் அடம்பிடித்தது. பத்துக் கல் போனது, இருபது போனது. பிறகு ஏறியது. நான்கு. ஐந்து. ஆறுக்கு வரும்போது சேர்த்த கல்லெல்லாம் கரைந்து கடைசியில் இரண்டே இரண்டு மிச்சம் இருந்தன.

ஒன்றை வைத்தான். ஏறவில்லை.

“ஐயோ!”

“பரவாயில்லடா, அஞ்சும் நல்ல நம்பர்தான்,” என்றாள் நாரே, நகத்தைக் கடித்துக்கொண்டே.

கடைசிக் கல். தேயோ கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். சுற்றிலும் எழுந்த கூச்சலைக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தான். ஆறு!

மணி நாலு இருபத்தைந்து. அலங்காரம்தான் பாக்கி. அதற்குத்தான் பெரிய சண்டை நடந்தது.

“தீ வைப்போம்! வில்லு முழுக்கத் தீ!”

“புலி மூஞ்சி!”

“பிங்க் கலர்ல பூ!”

“ராணுவத்துக்காரருக்குப் பிங்க்கா?”

“ஏன், அவங்களுக்குப் பிங்க் பிடிக்கக்கூடாதா?”

யேசோல் தேயோவிடம் திரும்பினாள். “உங்க அண்ணன் இப்ப எதப் பத்தி ரொம்ப யோசிப்பாரு?”

தேயோ சிரித்தான். “எப்ப வீட்டுக்கு வருவேன்னுதான். தினமும் ராத்திரி போன்ல அதத்தான் சொல்லுவான். இன்னும் எத்தன நாள் பாக்கின்னு.”

அதற்குமேல் யாரும் சண்டை போடவில்லை. வில்லுக்கு இரவுக் கடலின் நீலம் பூசினார்கள். நாணுக்கு வெள்ளி நிறம். பிடியில் எழுத்துப் பொறிக்கும் இடத்தில் தேயோ மூன்று எண்களை அடித்தான். 211.

அதை அடித்து முடித்தபோது கண்ணாடிக் கதவு திறந்தது. குளிர்காற்றோடு கியுபின் அண்ணன் உள்ளே வந்தார். ராணுவ உடுப்பு, முதுகில் பை, தொப்பியைக் கழற்றினால் ஒட்ட வெட்டிய தலை. தம்பியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“தேயோ! வளந்துட்டியேடா! எங்கடா என் வாடைக்காற்று?”

தேயோ எழுந்து நின்றான். யேசோலும் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“உடைச்சிட்டேன் அண்ணா,” என்றான் தேயோ. “பத்தாக்கி உனக்குக் காட்டணும்னு ஆசப்பட்டேன். உன்னக் கேக்காமயே பண்ணிட்டேன்.”

“நான்தான் அழுத்தினேன்,” என்றாள் யேசோல். “என் கை தங்கக்கைன்னு எல்லாரும் நம்பினாங்க. அப்படி இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்லல. மன்னிச்சிடுங்க அண்ணா.”

கியுபின் அண்ணனின் சிரிப்பு மறைந்தது. பையை இறக்கி வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ரெண்டு வருஷம்டா அது,” என்றார் மெல்ல.

“தெரியும் அண்ணா.”

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று யேசோலுக்குத் தோன்றியது. அவர் வருத்தப்பட்டார். அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும் தங்கள் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டுத் திரையைப் பார்த்தார். நீல வில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அவர் முன்னால் குனிந்தார்.

“இது என்ன?”

“புதுசு. ஆறுதான். நாங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்.”

“கொம்பு வில்லாச்சே! எருமை ராஜாவயா அடிச்சீங்க? நீங்களா?”

“மூணு மணிக்கு எல்லாரும் செத்துட்டோம்,” என்றான் காங்மின் பெருமையாக. “நாலு மணிக்கு நாலு பேர் மட்டுந்தான் செத்தோம்! நான் கோடரி இல்லாமலே குத்தினேன்!”

“எப்படிடா?”

“தேயோதான் வழி சொன்னான்,” என்றாள் யேசோல். “இடது பக்கம் திரும்பும், மூணு விநாடி கண்ணு தெரியாதுன்னு. உங்க நாற்காலிக்குப் பின்னாடி நின்னே கத்துக்கிட்டானாம்.”

அண்ணன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.  அப்புறம் வில்லின் பிடியில் இருந்த எண் அவர் கண்ணில் பட்டது.

“இருநூத்திப் பதினொண்ணு...” படித்ததும் குபீரென்று சிரித்துவிட்டார். “டேய், இது தப்புடா! இருநூத்திப் பத்துதான்!”

“நேத்து ராத்திரி நீதானே சொன்ன?”

“நேத்துச் சொன்னது நேத்துக் கணக்குடா. இன்னிக்கு ஒண்ணு கழிஞ்சாச்சு. ராணுவத்துல எதத் தப்பா எண்ணினாலும் இத மட்டும் தப்பா எண்ண மாட்டோம்!” அவர் தேயோவின் தலையைப் பிடித்துத் தன் தோளோடு இடித்துக்கொண்டார். “மாத்துடா. தினமும் ஒண்ணு குறைச்சுட்டே வா. பூஜ்யம் ஆகிற அன்னிக்கு நான் வந்துடுவேன்.”

தேயோ எண்ணை மாற்றினான். 210. அவன் காதுகள் மறுபடி சிவந்திருந்தன. இந்தத் தடவை சந்தோஷத்தில்.

அண்ணன் கைகளைத் தேய்த்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார். வில்லைப் பட்டறைப் பக்கம் நகர்த்தினார். “சரி, யார்கிட்டயாவது ஒரு கல் இருக்கா? ஏழு போட்டுப் பாத்துடுவோமா?”

“வேண்டாம்!”

பதினான்கு தொண்டையும் ஒன்றாகக் கத்தியதில் சமையலறையில் சித்தி கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“சரி, சரி! வேண்டாம்!” அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. “அப்போ இந்த வில்ல எருமை மேலயே சோதிச்சுப் பாத்துடலாம். இந்தக் கோடரி இல்லாத பையனுக்கும் ஒரு கொம்பு வேணும்ல? ஓடுங்க, இடத்தப் பிடிங்க! தேயோ, வில்லு உன் கையில. நான் இன்னிக்கு உன் நாற்காலிக்குப் பின்னாடி நின்னு பாக்கறேன்.”

எல்லாரும் தடதடவென்று தங்கள் கணினிகளுக்கு ஓடினார்கள். திரையில் ஆறு மெல்லக் கொதிக்க ஆரம்பித்தது.

“தங்கக்கை!” என்று அண்ணன் கூப்பிட்டார். “நீ எங்க நிக்கப் போற?”

“எருமைக்கு முன்னாடி,” என்றாள் அவள், ஹெட்போனை மாட்டிக்கொண்டே. “அப்புறம் அண்ணா, என் பேரு யேசோல்.”